முகத்தைக் காட்டுங்கோ

பயிற்சி நாளில் நான் கடைசி வரிசை.
திரையில் கொழும்பிலிருந்து யாரோ
தொலைமருத்துவம் என்ற சொல்லை
மாத்திரை மாதிரித் தண்ணியோடு தந்தார்.
இரண்டு பற்றிஸ், ஒரு தேத்தண்ணி,
வரவுக் கொப்பியில் கையெழுத்து.
கொடுத்த ரப்லெற்றை
விடுதி மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன்.
கண்ணாடிமேல் ஒட்டியிருந்த
மெல்லிய தாளைக்கூட உரிக்கவில்லை.

முப்பது வருடமாய்
வயிறுகளை விரல் நுனியால் வாசிக்கிறவன் நான்.
கரண்ட் இல்லை, எக்ஸ்றே பிலிம் இல்லை,
அரிக்கன் லாம்பும் ஒரு கையும் என்றிருந்த காலத்தில்
யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில்
இந்தக் கை பொய் சொன்னதில்லை.
சரி, இரண்டு தரம் சொன்னது.
அதை நான் கூட்டங்களில் சொல்வதில்லை.

கார்த்திகை. வாடை.
இரவு பதினொன்றே காலுக்கு
நெடுந்தீவிலிருந்து அழைப்பு.
அங்கத்தை டொக்டர் லீவில்;
மிஸி பெனடிக்ரா மட்டும்.
"சேர், முப்பத்தொரு வயசு, புவனசிறி எண்டு பேர்.
மத்தியானத்திலையிருந்து வயித்துக்குத்து,
ரண்டு தரம் சத்தி.
கடல் விடாது எண்டு நேவி சொல்லுது."
"அனுப்பேலாட்டி
என்னத்துக்கு எனக்கு எடுக்கிறீங்கள்?"
அவ கொஞ்சம் பொறுத்து
"பாக்கிறதுக்கு, சேர்" என்றா.

கடவுச்சொல் டிறோஷனுக்குத்தான் தெரியும்.
நித்திரையிலிருந்து எழுப்பினேன்.
சிரிப்பை வாய்க்குள் அடக்கிக்கொண்டு
தட்டித் தந்துவிட்டுப் போனான்.

திரை நிறைய வயிறு.
பழைய சிசேரியன் தழும்பு,
பாவாடை நாடா அழுத்திய கோடு,
எல்லாம் துப்புரவாய்த் தெரிந்தது.
ஆனால் வயிறு தன்பாட்டில் ஒன்றும் சொல்லாது.
கை வயிற்றில், கண் முகத்தில்:
முதல் வருடப் பிள்ளைகளுக்கு
நானே சொல்லிக் கொடுப்பது.

"வயித்தை விடுங்கோ மிஸி.
முகத்தைக் காட்டுங்கோ."

கமரா தடுமாறியது:
ஓட்டுச் சிலாகை, சேலைன் போத்தல்,
ஒரு பல்லி,
பிறகு அவள்.
அதைப் பிடித்திருந்தது புருஷன் என்று
நடுக்கத்தில்தான் விளங்கியது.

"வலப்பக்கம். தொப்புளுக்குக் கொஞ்சம் கீழை,
இடுப்பெலும்புப் பக்கமாய்.
மெல்ல அமத்துங்கோ. இன்னும். இன்னும்.
இப்ப சட்டெண்டு கையை எடுங்கோ."

முகம் உறைந்தது.
நோவாலல்ல;
கடலுக்கு நடுவில் எங்கோ
சிக்னலுக்குக் கால் இடறியது.
ஏழு செக்கன்.
திரும்பி வந்தபோது
அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
நோ வந்து போய்விட்டது.
நான் காணவில்லை.

"இன்னொருக்கா" என்றேன்.

முதல் தரம் அமத்தியது அவளுக்காக.
இரண்டாம் தரம் யாருக்காக என்று
இன்னும் யோசிக்கிறேன்.
பெனடிக்ரா மறுப்புச் சொல்லவில்லை.
ஆனால் அமத்துமுன்
மற்றக் கையை அவள் நெற்றியில் வைத்தா.
நான் சொல்லாத வேலை அது.

இம்முறை கண்டேன்.
புருவம், உதடு,
அரைவாசியில் அறுந்த "எண்ட அம்..."
மேசையில் கிடந்த என் விரல்கள்
தாமாக ஒருதரம் மடங்கின.

வாயால் ஒன்றும் குடுக்க வேண்டாம்,
அன்ரிபயோட்டிக் ஏத்துங்கோ,
மணித்தியாலத்துக்கு ஒருக்கா நாடி.
ஒரு மணி. இரண்டு மணி. மூன்று.
அவ தவறாமல் எடுத்தா.
இடையில் இருந்த வெறும் நேரத்தில்
கண்ணாடித் தாளின் ஒரு மூலையை
என் நகம் கிளப்பிக்கொண்டிருந்தது.
நாலே முக்காலுக்குக் காற்று விழுந்தது.
படகு இறங்கியது.

தியேட்டர் வாசலில், எட்டு மணிக்கு,
என் கையை வைத்தேன்.
அவள் குரலைப் பிடித்துக்கொண்டாள்.
"ராத்திரிக் கதைச்சது நீங்கள்தானே?
உங்கட கை
மிஸியின்ர கையைவிடக் குளிர்."

மூன்று நாள் கழித்துப் படிவம் வந்தது.
"பரிசோதித்தவர்" என்ற கட்டத்தில்
கணினியே என் பெயரை அடித்திருந்தது.
பக்கத்தில் பேனையால் எழுதினேன்:
பெனடிக்ரா அமலதாஸ்.
கிளார்க் திருப்பிக் கொண்டுவந்தார்.
"சேர், சிஸ்டத்திலை
ஒரு பேர்தான் பிடிக்கும்."

"அப்ப என்ரையை வெட்டுங்கோ."

பகிடியாக்கும் என்று
அவர் சிரிக்கக் காத்து நின்றார்.